பட்டாளத்துக்குப் போனவர் எல்லாம் ‘முன்னாள் படைவீரர்’ அல்ல

2025 மே 6-ஆம் தேதி மத்திய பாதுகாப்பு அமைச்சகம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. டெரிடோரியல் ஆர்மியின் அதிகாரிகளையும் சிப்பாய்களையும் தேவைக்கேற்ப முழுநேரப் பணிக்கு அழைத்துக்கொள்ளும் அதிகாரம் ராணுவத் தலைமைத் தளபதிக்குக் கிடைத்தது. அந்தப் படையின் 32 காலாட்படை பட்டாலியன்களில் 14-ஐக் களத்தில் இறக்கலாம். 2028 பிப்ரவரி 9 வரை உத்தரவு செல்லும். ‘ஆபரேஷன் சிந்தூர்’ ராணுவ நடவடிக்கையின் சூட்டோடு சூடாக இந்தச் செய்தியும் வெளிவந்ததால் டீக்கடை முதல் தொலைக்காட்சி வரை இதே பேச்சு. யாரைக் கூப்பிடுவார்கள், எல்லைக்கு அனுப்புவார்களா, அந்தப் படையின் கௌரவ லெப்டினன்ட் கர்னலான கிரிக்கெட் வீரர் தோனியும் போவாரா? போனவர்கள் வேலை முடிந்து ஊர் திரும்பிய பிறகு அரசின் ஏட்டில் அவர்கள் யார் என்று கேட்டவர்கள் குறைவு.

ஊர்க்காரர்களுக்கு இதில் குழப்பமே இல்லை. பச்சை உடுப்பில் பெட்டியோடு போய், பெட்டியோடு திரும்பியவர் ‘மிலிட்டரிக்காரர்’. ஆனால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் மேசைக்கு முன்னால் அந்தப் பெயர் செல்லாது. அங்கே கேட்பது டிஸ்சார்ஜ் புத்தகத்தையும், பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணையையும். பதினைந்து, இருபது ஆண்டுகள் டெரிடோரியல் ஆர்மியில் பெயர் இருந்தவருக்கு அடையாள அட்டை மறுக்கப்படுவதும், அவரைவிடக் குறைந்த காலம் நிரந்தரப் படையில் இருந்தவருக்கு அட்டை கிடைப்பதும் அங்கே நடக்கக்கூடியதுதான். பல நேரங்களில் இது அலுவலரின் பிடிவாதம் அல்ல. சட்டத்தின் வரையறையே அப்படி எழுதப்பட்டிருக்கிறது.

டெரிடோரியல் ஆர்மியை (சுருக்கமாக டி.ஏ.) தமிழ்ப் பத்திரிகைகள் பிராந்திய ராணுவம் என்று எழுதுகின்றன. 1948-இல் இதற்கான சட்டம் வந்தது. 1949 அக்டோபர் 9-ஆம் தேதி இந்தப் படையை முறைப்படி தொடங்கி வைத்தவர் அப்போதைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. கையில் ஒரு தொழிலோ வேலையோ இருப்பவர் ஆண்டில் கொஞ்ச காலம் பயிற்சிக்கு வருவார், நாட்டுக்கு நெருக்கடி என்றால் முழுநேரமாக அழைக்கப்படுவார் என்பதுதான் இதன் அடிப்படை. 1962, 1965, 1971 போர்களில் இந்தப் படையினர் அழைக்கப்பட்டார்கள். தமிழ்நாட்டில் கோயம்புத்தூரில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டோடு இணைந்த 110-ஆவது பட்டாலியனும், திருச்சியில் கார்ட்ஸ் படைப்பிரிவோடு இணைந்த 117-ஆவது பட்டாலியனும் இருக்கின்றன. ஆள் எடுக்கும் நாட்களில் இங்கே நிற்கும் இளைஞர் வரிசையைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். அந்த வரிசையில் நிற்கிற பலரும் இதை மற்றொரு ராணுவ வேலை என்றே நினைத்து வருகிறார்கள். இது ‘வேலை’ அல்ல, ஓய்வூதியத்துக்கு உத்தரவாதமும் இல்லை என்று ஆள்சேர்ப்பு அறிவிப்புகளிலேயே சொல்லியிருப்பார்கள். உடல்தகுதித் தேர்வுக்கு ஓடிப் பழகும் வயதில் அந்த வரியை யார் நின்று படிக்கிறார்கள்?

இனி வரையறைக்கு வருவோம். மத்திய அரசின் வேலைகளுக்கான முன்னாள் படைவீரர் மறுவேலைவாய்ப்பு விதிகள் 1979-இல் வந்தன, 2012 அக்டோபரில் திருத்தப்பட்டன. அதன்படி தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய நிரந்தரப் படைகளில் பணியாற்றி ஓய்வூதியத்தோடு வெளியே வந்தவர் முன்னாள் படைவீரர். பணியால் ஏற்பட்ட உடல்நலக் கேட்டுக்காகவோ, தன் கையை மீறிய காரணத்துக்காகவோ மருத்துவ அடிப்படையில் அனுப்பப்பட்டு ஊன ஓய்வூதியம் பெறுபவரும் அப்படியே. ஆட்குறைப்பில் விடுவிக்கப்பட்டவரும் சேர்வார். ஒப்பந்தக் காலத்தை முழுமையாக முடித்து, தானாகக் கேட்டுப் போகாமலும் ஒழுங்கு நடவடிக்கையில் சிக்காமலும் பணிக்கொடை வாங்கிக்கொண்டு வந்தவரும் சேர்வார். அதாவது, நிரந்தரப் படையில் இருந்தவருக்கு ஓய்வூதியம் இல்லாமலும் முன்னாள் படைவீரர் ஆக வழி இருக்கிறது.

டெரிடோரியல் ஆர்மிக்காரருக்கு அந்தப் பணிக்கொடை வழி கிடையாது. தொடர்ச்சியாகவோ விட்டுவிட்டோ செய்த தகுதிப் பணிக்காக ஓய்வூதியம் வாங்குபவராக இருக்க வேண்டும். இல்லையென்றால் வீர விருது பெற்றவராக இருக்க வேண்டும். நல அலுவலகங்கள் பின்பற்றும் வரையறையில் ஊன ஓய்வூதியம் பெறுபவரும் உண்டு. இந்த வாசல்களில் ஒன்றிலும் நுழைய முடியாதவருக்கு அட்டை இல்லை. நீண்ட காலப் பணிக்காகத் தரப்படும் டெரிடோரியல் ஆர்மி பதக்கத்தை மார்பில் குத்திக்கொண்டு வந்து, “இதோ விருது” என்று காட்டுபவர்கள் இருக்கிறார்கள். பணிக்காலப் பதக்கம் வேறு, வீர விருது வேறு. அந்தப் பதக்கத்தால் அட்டை வராது.

சரி, ஓய்வூதியம் எப்போது வரும்? ஜே.சி.ஓ. எனப்படும் இளநிலை அதிகாரிகளும் சிப்பாய்களும் 15 ஆண்டுகள், அதிகாரிகள் 20 ஆண்டுகள் ‘எம்பாடிமென்ட்’ பணி செய்திருக்க வேண்டும். டி.ஏ. ஆட்கள் வாயில் அன்றாடம் புழங்கும் சொல் இது. படை அழைத்து, முழுச் சம்பளத்தில், முழுநேர ராணுவ விதிகளுக்குக் கீழ் வைத்திருந்த காலம் என்று பொருள். ஊரில் சொந்த வேலையைப் பார்த்துக்கொண்டு பெயர் மட்டும் பட்டாலியன் ஏட்டில் இருந்த காலம் இதில் சேராது.

கணக்குப் போட்டால் விஷயம் சுடும். ஆண்டுக்கு இரண்டு மாதப் பயிற்சி மட்டும் செய்த ஒருவர் இருபது ஆண்டுகள் டி.ஏ.வில் இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பயிற்சி நாட்களை எல்லாம் ஒன்று விடாமல் கூட்டினாலும் 40 மாதங்கள்தான் தேறும். மூன்றே கால் ஆண்டுக்குச் சற்று மேல். பதினைந்துக்கும் அதற்கும் நடுவே எவ்வளவு தூரம்! மாறாக, காஷ்மீரிலும் வடகிழக்கிலும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பணியில் வைக்கப்பட்ட காலாட்படை பட்டாலியன்காரர்கள் பதினைந்தை எட்டிவிடுகிறார்கள். ரயில்வே, எண்ணெய் நிறுவனங்கள் போன்ற துறைசார்ந்த டி.ஏ. பிரிவுகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் எட்டுவதில்லை. அவர்களுக்குத் துறையின் சம்பளமும் ஓய்வுக்காலப் பலன்களும் இருப்பதால் பெரிய இழப்பில்லை என்று சொல்லலாம். ஆனால் சொந்த நிலத்தை உழுதுகொண்டோ, சிறு கடை நடத்திக்கொண்டோ காலாட்படை பிரிவில் இருந்து, பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டு எம்பாடிமென்ட்டோடு நின்றுபோனவரின் நிலைமைதான் கொடுமை.

அதனால் இன்று பணியில் இருக்கும் டி.ஏ. சிப்பாய் ஒருவர் செய்யவேண்டிய முதல் வேலை, தன் எம்பாடிமென்ட் நாட்களைத் தானே எழுதி வைப்பது. எந்தத் தேதியில் அழைத்தார்கள், எந்தத் தேதியில் விடுவித்தார்கள், அதைப் பதிவு செய்த ‘பார்ட்-டூ ஆர்டர்’ என்ற படைப்பிரிவு ஆணையின் எண் என்ன? ஒவ்வொரு முறையும் நகல் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. இடைவெளி விட்டுச் செய்த பணியும் சேர்த்து எண்ணப்படும் என்பதால் ஒரு சிறு காலத்தின் பதிவு தவறிப்போனாலும் கணக்கு பதினைந்துக்குக் கீழே இறங்கிவிடலாம். பணிக்கு அழைக்கப்பட்டவரைத் திரும்ப வேலையில் சேர்த்துக்கொள்ளும் கடமை முதலாளிக்கு உண்டு என்று டெரிடோரியல் ஆர்மி சட்டம் சொல்கிறது. அந்த உரிமையைக் கேட்கப் போகும்போதும் இதே தாள்கள்தான் தேவைப்படும்.

டி.ஏ.காரர் ஒருவருக்கு ஊன ஓய்வூதியமே கிடையாது என்று அரசுத் தரப்பு வாதாடிய சம்பவமும் உண்டு. நிரந்தரப் படையில் சுமார் 25 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒரு சிப்பாய், 2007-இல் குமாவுன் மலைப்பகுதியில் மரம் வளர்க்கும் டி.ஏ. சுற்றுச்சூழல் பட்டாலியனில் மறுபடியும் சேர்ந்தார். 2009-இல் அனுமதி பெற்ற விடுப்பில் இருந்தபோது விபத்தில் சிக்கிக் காலை இழந்தார். ஊனம் 80 சதவீதம். இந்தச் சுற்றுச்சூழல் பிரிவு தனி வகை, இதில் சேரும்போதே கூடுதல் ஓய்வூதியப் பலன் கேட்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று சொல்லி ஊன ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021 டிசம்பர் 17-ஆம் தேதி தீர்ப்பு வந்தது: டி.ஏ.வில் இருப்பவரும் படை உறுப்பினர்தான், அவருக்கு ஊன ஓய்வூதியம் உண்டு. பேரம் பேசும் வலு இல்லாத ஒருவரிடம் எழுதி வாங்கிய உறுதிமொழியைக் காட்டி அந்த உரிமையைத் தட்டிப்பறிக்க முடியாது என்றும் நீதிமன்றம் சொன்னது. பணியின்போது காயம்பட்ட டி.ஏ.காரர்கள் பலருக்கு இந்தத் தீர்ப்பு ஒரு கதவு. ஊன ஓய்வூதியம் கிடைத்தால் அதைத் தொடர்ந்து முன்னாள் படைவீரர் தகுதியும் வருகிறது.

டி.ஏ. மட்டும்தான் ரிசர்வ் என்று நினைத்துவிடக் கூடாது. இன்று எழுபது, எண்பது வயதில் இருக்கும் பழைய பட்டாளத்துக்காரர்களிடம் பேசினால் ‘கலர் சர்வீஸ்’, ‘ரிசர்வ் சர்வீஸ்’ என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். முதலில் சில ஆண்டுகள் முழுநேரப் பணி. பிறகு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் இன்னும் சில ஆண்டுகளுக்கு எப்போது கூப்பிட்டாலும் வர வேண்டும். தரைப்படையில் 7 ஆண்டு கலர், 8 ஆண்டு ரிசர்வ் என்பது போன்ற ஏற்பாடு. விமானப்படையில் 9, 6. கடற்படையில் 10, 10. தரைப்படையின் 1961 ஓய்வூதிய விதிகளில் இரண்டும் சேர்ந்து 15 ஆண்டு ஆனால் ‘ரிசர்விஸ்ட் பென்ஷன்’ உண்டு. விரும்பினால் அதற்குப் பதிலாக ஒரே தவணையில் பணிக்கொடை வாங்கிக்கொள்ளலாம். அன்றைய வறுமையில் மொத்தத் தொகையை வாங்கி வீடு கட்டியவர்கள், அக்கா தங்கை கல்யாணத்தை முடித்தவர்கள் உண்டு. மாதாமாதம் வரும் சில ரூபாயைவிடக் கைக்கு வந்த ஆயிரங்கள் பெரிதாகத் தெரிந்த காலம் அது.

கடற்படையின் கதை இன்னும் சிக்கலானது. பத்து ஆண்டு பணி முடிந்ததும் ‘ஃப்ளீட் ரிசர்வ்’ என்ற பட்டியலுக்கு மாற்றப்படுவோம், அந்த இரண்டாவது பத்து ஆண்டும் முடிந்தால் ஓய்வூதியம் வரும் என்று நம்பித்தான் மாலுமிகள் சேர்ந்தார்கள். 1976 ஜூலை 3-ஆம் தேதி அந்த ஏற்பாட்டையே அரசு நிறுத்தியது. பத்து ஆண்டு முடித்தவர்கள் ரிசர்வுக்கும் போக முடியாமல், ஓய்வூதியமும் இல்லாமல் பணிக்கொடையோடு வீடு திரும்பினார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2016 அக்டோபர் 27-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இதில் நடுவழி ஒன்றைக் கண்டது. ரிசர்வுக்கு மாற்றப்படுவது தானாக வந்துவிடும் உரிமை அல்ல. அதனால் ரிசர்விஸ்ட் பென்ஷன் கேட்க முடியாது. ஆனால் 1976 ஜூலை 3-க்கு முன் சேர்ந்து, முதல் பணிக்காலம் அந்தத் தேதியிலோ அதற்குப் பிறகோ முடிந்தவர்கள் கடற்படை ஓய்வூதிய விதி 95-இன் கீழ் ‘சிறப்பு ஓய்வூதியம்’ கேட்கலாம் என்றது. விண்ணப்பித்த தேதிக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு நிலுவையும் உண்டு.

அந்த மாலுமிகளில் எத்தனை பேருக்கு இந்தத் தீர்ப்பின் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும் என்பது சந்தேகமே. தூத்துக்குடியிலோ நாகர்கோவிலிலோ ஒரு வீட்டுப் பரணில், கடற்படையின் டிஸ்சார்ஜ் தாள் ஒன்று தகரப்பெட்டியில் கிடக்கலாம். சேர்ந்த தேதியையும் வெளியே வந்த தேதியையும் அதில் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

பழைய ரிசர்விஸ்ட்களுக்கு இன்னொரு இடியும் உண்டு. 2015 நவம்பர் 7-ஆம் தேதி வந்த ‘ஒரே பதவி ஒரே ஓய்வூதியம்’ ஆணையில், இது ரிசர்விஸ்ட் ஓய்வூதியர்களுக்குப் பொருந்தாது என்று ஒரு வரி இருக்கிறது. பக்கத்து வீட்டு ஓய்வூதியருக்கு நிலுவை வந்தது, எனக்கு ஏன் வரவில்லை என்று பெரியவர் அலைந்து திரிவதற்குப் பலமுறை அந்த ஒற்றை வரிதான் காரணம். அங்கே மனு போட்டுப் பலன் இல்லை. தன் அடிப்படை ஓய்வூதியம் ஊதியக்குழுத் திருத்தங்களின்படி சரியாக உயர்த்தப்பட்டதா என்று கேட்பதில்தான் பலன் இருக்கிறது.

முன்னாள் படைவீரர் யார் என்ற வரையறை, ஒருவர் படையிலிருந்து விடுபட்ட தேதியைப் பொறுத்தும் மாறும். 1960-களில் வெளியே வந்தவருக்கு ஒரு தளர்வான அளவுகோல். 1979 ஜூலை 1 முதல் 1987 ஜூன் 30 வரை வேறொன்று. 1987 ஜூலை 1-க்குப் பிறகு இன்னொன்று. இன்றைய விதியைக் காட்டி 1967-இல் வெளியே வந்தவரைத் திருப்பி அனுப்பினால், தன் தேதிக்குரிய விதி எது என்று எழுத்துமூலம் கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. வாய்மொழி மறுப்பை வாங்கிக்கொண்டு படியிறங்குவதுதான் இந்த விவகாரத்தில் மனிதர்கள் செய்யும் பெரிய தவறு. எழுத்தில் இல்லாத மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்வது கடினம்.

எந்த அட்டை எதற்கு என்பதிலும் குழப்பம் ஏராளம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் கொடுப்பது முன்னாள் படைவீரர் அடையாள அட்டை. வேலைவாய்ப்பு ஒதுக்கீடு, பிள்ளைகளின் கல்வி உதவி, மாநில அரசின் நலத்திட்டங்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை. 2003 ஏப்ரலில் தொடங்கிய ஈ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்துக்கு வேறு அட்டை. பொதுவாக ஓய்வூதியம் வாங்கும் முன்னாள் படைவீரருக்குத்தான் அது. கேன்டீனுக்கு மூன்றாவது அட்டை. பணிக்கொடையோடு வந்த முன்னாள் படைவீரர் ஒருவரிடம் முதல் அட்டை இருக்கும், இரண்டாவது இருக்காது; இதில் முரண் எதுவும் இல்லை. முதல் அட்டையை வைத்தே அவர் பல உதவிகள் பெற முடியும். ஓய்வூதியம் இல்லாத, 65 வயதைத் தாண்டிய, ஹவில்தார் பதவி வரையிலான முன்னாள் படைவீரருக்கோ, அவர் மறைந்திருந்தால் அவர் மனைவிக்கோ மத்திய சைனிக் போர்டு தரும் வறுமை நிவாரணம் மாதம் 4,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக 2025 நவம்பர் 1 முதல் உயர்ந்திருக்கிறது. மத்திய அரசின் குரூப் ‘சி’ வேலைகளில் 10 சதவீதமும், தமிழ்நாடு அரசின் குரூப் ‘சி’ வேலைகளில் 5 சதவீதமும் முன்னாள் படைவீரர்களுக்கு ஒதுக்கீடு. சொந்தத் தொழில் தொடங்க, மூலதன மானியத்தோடு ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டமும் மாநிலத்தில் வந்திருக்கிறது.

ஆபத்தும் இங்கேதான் தொடங்குகிறது. ஓய்வூதியம் இல்லாத டி.ஏ.காரர் ஒருவர், தானும் படைவீரர்தானே என்று நல்லெண்ணத்தோடு போட்டித்தேர்வு விண்ணப்பத்தில் முன்னாள் படைவீரர் கட்டத்தில் குறி வைத்துவிடுகிறார். எழுத்துத் தேர்வில் தேறி, சான்றிதழ் சரிபார்ப்பில் வெளியேற்றப்படும்போதுதான் விதி தெரிகிறது. வயதுத் தளர்வை நம்பி விண்ணப்பித்திருந்தால் பொதுப்பிரிவுக்கும் திரும்ப முடியாது. விண்ணப்பிக்கும் முன்பே நல அலுவலகத்தில் தகுதிச் சான்று கேட்டுப் பார்ப்பது அந்த ஏமாற்றத்தைத் தவிர்க்கும்.

“கார்டு வாங்கித் தருகிறேன்” என்று பணம் கேட்கும் தரகர்களும் இருக்கிறார்கள். பி.பி.ஓ.வும் வீர விருதும் இல்லாத டி.ஏ.காரருக்கு எந்தத் தரகராலும் அசல் அட்டை வாங்கித் தர முடியாது. வந்தால் அது போலி. போலி ஆவணத்தைப் பயன்படுத்தியவர் மீதே வழக்கு வரும். படைவீரர் அல்லாத ஒருவர், தன்னைப் படைவீரராக நம்பவைக்கும் நோக்கத்தோடு சீருடையையோ அடையாளச் சின்னத்தையோ பயன்படுத்துவதும் பாரதிய நியாய சன்ஹிதா 168-ஆம் பிரிவின்படி குற்றம். மூன்று மாதம் வரை சிறை உண்டு. ஓய்வூதியர்களுக்கோ தொல்லை வேறு திசையிலிருந்து வருகிறது. பாதுகாப்புத் துறை ஓய்வூதியம் ‘ஸ்பர்ஷ்’ என்ற இணையத் தளத்துக்கு மாறியதிலிருந்து, “உங்கள் உயிர்வாழ் சான்று முடங்கிவிட்டது, ஓ.டி.பி. சொல்லுங்கள்” என்று பேசும் மோசடிக்காரர்களுக்கு இந்தப் பெரியவர்கள் வாகான இரை. பணம் போனது தெரிந்த உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்தால் தொகையை வழியிலேயே முடக்க வாய்ப்பிருக்கிறது. மகன் வெளியூரிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தால் அந்த வாய்ப்பு போய்விடும்.

நியாயமான தகுதி இருந்தும் அட்டை கிடைக்காமல் போவதற்குத் தமிழ்நாட்டில் ஒரு தனிக் காரணம் உண்டு: இனிஷியல். நாற்பது ஆண்டுகளுக்கு முன் ராணுவ எழுத்தர் ‘முருகன் ஆர்’ என்று எழுதியிருப்பார். ஆதாரில் ‘ராமசாமி முருகன்’ இருக்கும். வங்கிக் கணக்கில் ‘ஆர். முருகன்’. மூன்றும் ஒரே ஆள்தான் என்று தெருவுக்கே தெரியும், கணினிக்குத் தெரியாது. மனைவி பெயரிலும் பிறந்த தேதியிலும் இதே கூத்து. பணியில் இருக்கும்போது திருமணத்தையும் குழந்தைகளையும் பார்ட்-டூ ஆர்டரில் பதியாமல் விட்டவரின் மனைவி, கணவர் இறந்த பிறகு குடும்ப ஓய்வூதியத்துக்காக வாரிசுச் சான்றோடும் கல்யாணப் பத்திரிகையோடும் அலைவதை எந்த மாவட்ட அலுவலகத்திலும் பார்க்கலாம். அவர் உயிரோடு இருக்கும்போதே பெயர்ப் பிழையைத் திருத்தி, மனைவி பெயரைச் சேர்த்துத் திருத்திய பி.பி.ஓ. வாங்கிவிடுவது பல ஆண்டு அலைச்சலைத் தடுக்கும்.

டிஸ்சார்ஜ் புத்தகமே தொலைந்துவிட்டால்? வெள்ளத்திலும் கரையானிலும் போன புத்தகங்கள் அநேகம். அவரவர் படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீசுக்குத்தான் எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு நீலகிரியின் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்களுக்கு பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக், விமானப்படைக்கு டெல்லி சுப்ரதோ பார்க். டி.ஏ.காரர் தன் பட்டாலியன் இணைந்திருக்கும் ரெஜிமென்ட்டின் ரெக்கார்ட் ஆபீசைக் கேட்க வேண்டும். இதில் காலம் முக்கியம். ஓய்வூதியம் பெறாதவரின் பணி ஆவணங்களை 25 ஆண்டுகள் வைத்திருந்து பிறகு அழித்துவிடுவது தரைப்படையின் நடைமுறை. அப்படி அழிக்கப்பட்டிருந்தாலும் ‘லாங் ரோல்’ எனப்படும் நிரந்தரப் பதிவேட்டில் சேர்ந்த தேதி, விடுபட்ட தேதி, காரணம் ஆகியவை இருக்கும். “ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன” என்று பதில் வந்தால் சோர்ந்துவிடாமல், லாங் ரோல் பதிவின் நகலைக் கேட்டு தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போடலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

இந்த வரையறை நியாயமா என்ற கேள்வியும் இருக்கிறது. அமெரிக்காவில் நேஷனல் கார்டு, ரிசர்வ் படைகளில் இருபது ஆண்டு முடித்தும், முழுநேரப் பணிக்கு அழைக்கப்படாத ஒரே காரணத்தால் ‘வெட்டரன்’ என்று சொல்லிக்கொள்ள முடியாதவர்கள் இருந்தார்கள். 2016 டிசம்பரில் அங்கே ஒரு சட்டம் வந்தது: ஓய்வூதியத் தகுதியோடு ரிசர்வ் பணியை முடித்தவர்கள் வெட்டரன் என்று மதிக்கப்படுவார்கள், ஆனால் அதனால் கூடுதலாக எந்தப் பணப்பலனும் வராது. வெறும் பெயர்தானே என்று சிலர் நினைக்கலாம். பெயருக்குத்தான் அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். டி.ஏ.வில் நீண்ட காலம் இருந்து, ஓய்வூதியத்தை எட்டாமல் விடுபட்ட நம் ஊர்க்காரருக்கும் ஒதுக்கீடு இல்லாத, மானியம் இல்லாத ஓர் அங்கீகார அட்டையாவது கொடுப்பதில் கருவூலத்துக்குப் பெரிய செலவில்லை.

இந்தக் கேள்வி விரைவில் பெரிதாகப் போகிறது. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்கள் ரிசர்விஸ்ட்கள் அல்ல. ஆனால் நான்கு ஆண்டு முடித்து வெளியேறுபவர்களுக்கு ஓய்வூதியம், ஈ.சி.எச்.எஸ்., கேன்டீன், முன்னாள் படைவீரர் தகுதி எதுவும் கிடையாது என்று பணி நிபந்தனைகளிலேயே எழுதியிருக்கிறது. கிடைப்பது ‘சேவா நிதி’ என்ற மொத்தத் தொகையும் திறன் சான்றிதழும். முதல் அணியினரின் நான்கு ஆண்டுகள் 2026 இறுதியில் முடியத் தொடங்குகின்றன. ஊரில் ‘மிலிட்டரிக்காரர்’ என்றும் அலுவலகத்தில் ‘இல்லை’ என்றும் கேட்கப் போகிற இளைஞர்கள் இவர்கள்.

தகுதி இருந்தும் மறுக்கப்பட்டவருக்குப் படிகள் தெளிவாகவே இருக்கின்றன. முதலில் மாவட்ட நல அலுவலகத்தில் எழுத்துமூலம் விண்ணப்பம், ஒப்புகைச் சீட்டு. பதில் இல்லையென்றால் ஆட்சியர் நடத்தும் முன்னாள் படைவீரர் குறைதீர்க்கும் நாளில் மனு. ரெக்கார்ட் ஆபீஸ், ஓய்வூதியக் கணக்கு அலுவலகம் மீதான குறை என்றால் மத்திய அரசின் குறைதீர்ப்பு இணையத்தளத்தில் பதியலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவருக்கு இப்போது ஒரு வசதி வந்திருக்கிறது. தேசியச் சட்டப்பணிகள் ஆணையம் 2025 ஜூலை 26-ஆம் தேதி தொடங்கிய ‘வீர் பரிவார் சகாயதா’ திட்டத்தில், சைனிக் போர்டு அலுவலகங்களிலேயே இலவச சட்ட உதவி மையம் அமைக்கப்படுகிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

அதற்கும் மேலே ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவான இதற்குச் சென்னையில் ஓர் அமர்வு இருக்கிறது. ஓய்வூதியம் தொடர்பான வழக்குகளுக்கு டி.ஏ.காரர்களும் இங்கே வரலாம். துறையின் இறுதி மறுப்பு கிடைத்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் சொன்னால் மன்னிக்கவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. ஓய்வூதிய மறுப்பு மாதாமாதம் தொடரும் பாதிப்பு என்பதால் மிகப் பழைய கோரிக்கையையும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் 2008-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிப்படி, தாமதமாக வருபவருக்குப் பொதுவாக மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டு நிலுவைதான் கிடைக்கும். அதற்கு முந்தைய ஆண்டுகளின் பணம், வழக்கில் ஜெயித்தாலும், திரும்ப வராது.